பறக்கிற ஏகாதசி

என் மாட்டுப்பெண் தான் விமானி ஆகப்போவதைச் சாப்பாட்டு மேஜையில்தான் அறிவித்தாள். சாத்தமுதுப் பாத்திரத்துக்கும் மோர்ச் சொம்புக்கும் நடுவில் ஒரு பச்சை பிளாஸ்டிக் ஃபைலை வைத்தாள். உள்ளே பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும், ஒவ்வொன்றிலும் மூன்று நகல். நகல்களில் கையெழுத்திட்டு, கையெழுத்துக்குக் கீழே தேதியும் போட்டிருந்தாள். நான் முப்பத்தொரு வருடம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உரிமப் பிரிவைக் கட்டிக்கொண்டு அழுதவன். கையெழுத்துக்குக் கீழே தேதி போட்டு என்னிடம் வந்த விண்ணப்பங்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவள் என்ன கேட்கிறாள் என்பது புரிவதற்கு முன்பே எனக்குப் பாதிச் சம்மதம் வந்துவிட்டது.

அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மைசூரிலேயே ஒரு மென்பொருள் நிறுவனத்தில், மற்றவர்கள் எழுதிய நிரல்களில் பிழை கண்டுபிடிக்கும் வேலை. அதை ஆறு வருடம் செய்தவள் இனி எதைச் செய்தாலும் நன்றாகத்தான் செய்வாள் என்று எனக்குத் தோன்றியது. என் மகனுக்கு விஷயம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவன் தட்டைவிட்டுத் தலையை நிமிர்த்தவேயில்லை.

“பெரிய விமானம் இல்லை மாமா,” என்றாள் என்னிடம். “ரெண்டு பக்கமும் காத்தாடி சுத்துமே, நம்ம மண்டகள்ளி ஏர்போர்ட்டுக்கு வருமே, எழுபது பேர் உக்காரலாம். அது.”

“பஸ் மாதிரி.”

“பஸ்ஸேதான். சென்னை, ஹைதராபாத், ஹூப்ளி. சாயங்காலம் ஆத்துக்கு வந்துடலாம்.”

“இதோ இவனும் தினம் ஆபீஸ் போறச்சே அதையேதான் சொல்றான்,” என்றாள் என் மனைவி, மகனைக் காட்டி.

மனைவியின் மறுப்பு உயரத்தைப் பற்றியதோ விபத்தைப் பற்றியதோ அல்ல. விஜயநகரில் எங்கள் தெருவில் ஸ்கூட்டர் ஓட்டுவதைவிட அது பத்திரம் என்று அவளே சொன்னாள். அவளுடைய கவலை வேறு. “போற எடத்துல என்னத்தைச் சாப்பிடுவே, எங்க குளிப்பே, இன்னிக்கு என்ன திதின்னு யார் சொல்லுவா? ஆசாரமெல்லாம் மேலேர்ந்து கீழ விழுந்துடும்.”

“எது விழுந்தாலும் ஏகாதசி விழாதும்மா,” என்றாள் மாட்டுப்பெண். “எத்தனை வேலை இருந்தாலும் விடமாட்டேன். வாக்கு.”

இந்த வாக்கின் கனம் வெளியாருக்குப் புரியாது. அவளுடைய பிறந்தகம் மேலுகோட்டையில் வேர்விட்ட குடும்பம். பதினான்கு வயதிலிருந்து மாதம் இரண்டு ஏகாதசியும் நீர்கூட அருந்தாமல் இருப்பவள். எங்கள் வீட்டுக்கு வந்ததும் அவளும் என் மனைவியும் சேர்ந்து இருக்கத் தொடங்கினார்கள். அந்த நாட்களில் வீட்டில் தளிகை கிடையாது. நானும் மகனும் மூலை ஓட்டலில் தோசை தின்றுவிட்டுக் குற்றவாளிகளைப் போல உள்ளே வருவோம். வேறு எதிலும் அந்த இரண்டு பெண்களுக்கும் ஒத்துப்போனது என்று சொல்ல முடியாது. இதில் ஒத்துப்போனது. என் மனைவி ஃபைலைக் கையால் தொட்டு என் பக்கம் நகர்த்தினாள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சம்மதம்.

அடுத்த இரண்டு ஆண்டுகளை நான் மிகவும் ரசித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு லாரி ஓட்டுநருக்கு உரிமம் கொடுக்க நாங்கள் என்னென்ன கேட்டோம் என்று எனக்குத் தெரியும். எட்டுப் போடச் சொல்வோம், பலகையில் எழுத்தைப் படிக்கச் சொல்வோம், மீதியைக் கடவுளிடம் விட்டுவிடுவோம். விமானிக்கு அப்படியில்லை. முதலில் ஒரு மருத்துவப் பரிசோதனை, அதைவிடக் கடுமையான இன்னொரு பரிசோதனை. பிறகு தில்லி அலுவலகம் ஓர் எண் கொடுக்கும். அந்த எண் வந்தால்தான் பரீட்சை எழுதலாம். வழி கண்டுபிடித்தல், வானிலை, விதிகள், இயந்திரம் என்று வரிசையாகத் தேர்வுகள், வானொலியில் பேசுவதற்குத் தனியாக ஒன்று. அப்புறம் இருநூறு மணி நேரம் பறக்க வேண்டும். விதிகள் புத்தகத்தை நான் பொழுதுபோக்காக இரண்டு முறை படித்தேன். ஓய்வு பெற்றபின் எனக்குக் கிடைத்த முதல் நல்ல புத்தகம் அது. அவளிடம் ஒரு சந்தேகம் கேட்டால் பக்க எண்ணோடு பதில் சொல்வாள். இரண்டு தடவை என்னைத் திருத்தியும் இருக்கிறாள்.

வானொலித் தேர்வுக்குப் படித்தபோது சமையலறை விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரமாகிவிட்டது. கட்டுப்பாட்டு அறை சொல்வதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. அவள் அதை என் மனைவியிடம் பழகினாள்.

“குக்கர் மூணு விசில் வந்தா அணைச்சுடு. அப்பறம் பெருங்காயம்.”

“மூணு விசில், அணைக்கறேன், அப்பறம் பெருங்காயம்.”

முதல் நாள் என் மனைவி இது கேலியோ என்று முறைத்தாள். ஒரு வாரத்தில் அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. “முப்பத்தஞ்சு வருஷத்துல நான் சொன்னது காதுல விழுந்துதுன்னு காட்டிண்ட மொத மனுஷி இவதான்,” என்றாள், என்னைப் பார்க்காமல்.

அவள் முதன்முதலாகத் தனியாகப் பறந்த நாளும் நினைவில் இருக்கிறது. தனியாக ஏறி, ஒரு வட்டம் அடித்து, சேதமில்லாமல் இறக்கியவர்களின் தலையில் கூடப் படிப்பவர்கள் வாளித் தண்ணீரைக் கவிழ்ப்பது பயிற்சிப் பள்ளிகளில் வழக்கம். அவள் சொட்டச் சொட்ட ஈர உடையோடு ஸ்கூட்டரில் வந்து வாசலில் நின்றாள். என் மனைவி அவளை வாசற்படி தாண்ட விடவில்லை. கட்டிய துணியோடு தலை நனைந்து ஒருத்தி வந்தால் எங்கள் வீடுகளில் அதற்கு ஒரே பொருள்தான்.

“யாருடி போயிட்டா?” என்றாள் மெதுவாக.

“யாரும் போகலைம்மா. நான்தான் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன்.”

பயிற்சிப் பள்ளியின் தலைமைப் பயிற்சியாளரைக் கேப்டன் என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற குடகுக்காரர். வெறும் வயிற்றோடு வருபவரை விமானத்துக்கு அருகிலேயே விடமாட்டார். இவள் ஏகாதசியைச் சொன்னதும் அவர் வாதம் செய்யவில்லை. ஒரு பஞ்சாங்கம் வாங்கிவரச் சொல்லி, பறக்கும் அட்டவணைப் பலகைக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டி, மாதத்துக்கு இரண்டு நாள் அவளுக்குத் தரைப்பாடம் என்று குறித்துவிட்டார். பெருந்தன்மையான மனிதர். அவருடைய பெருந்தன்மையால்தான், முன்பே கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை இரண்டு வருடம் நாங்கள் யாரும் கேட்கவில்லை.

இருநூறு மணி நேரமும் முடிந்தது. உரிமம் வந்தது. உள்ளூர் வழித்தடங்களில் காத்தாடி விமானம் ஓட்டும் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தாள். எழுத்துத் தேர்வு, நேர்முகம், சிமுலேட்டர் என்கிற பொம்மை விமான அறைக்குள் வைத்து ஒரு சோதனை, எல்லாவற்றையும் தாண்டினாள். கடிதம் வந்தது. குறிப்பிட்ட திங்கட்கிழமை பயிற்சித் தொகுதியில் சேர வேண்டும், அன்றைக்குச் செல்லுபடியாகும் மருத்துவச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும், வராதவர்களின் இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போகும், அடுத்த தொகுதி எப்போது என்று இப்போது சொல்ல இயலாது. தெளிவான கடிதம். ஒரே சிக்கல், அவளுடைய மருத்துவச் சான்றிதழ் அதற்கு முந்தைய வாரத்தில் காலாவதியாக இருந்தது.

புதுப்பிக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். பெங்களூரில் அங்கீகாரம் பெற்ற மருத்துவர் ஒருவரைப் பிடித்து, அறிக்கை வர எத்தனை நாள், இணையத்தில் ஏற எத்தனை நாள், நடுவில் விடுமுறை உண்டா என்றெல்லாம் கணக்குப் போட்டு, வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேரம் வாங்கினேன். தொலைபேசியை வைத்தபோது எனக்கு என்மேல் மரியாதை உண்டாயிற்று. தொலைபேசியிலிருந்து இரண்டு அடி தள்ளி, என் மனைவியின் நாட்காட்டியில், அதற்கு முதல் நாளான புதன்கிழமைக் கட்டத்தில் ஏகாதசி என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது.

மாட்டுப்பெண் பார்த்திருந்தாள். செவ்வாய்க்கிழமை என்னிடம் கேட்கவும் செய்தாள். “எப்படியும் வெறும் வயத்தோடதானே வரச் சொல்லியிருக்கா மாமா. ரெண்டும் சேர்ந்து போயிடுமில்லையா?”

பரிசோதனைக்கு வந்திருந்த குறிப்புத் தாளை எடுத்துப் படித்தேன். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் உணவின்றி வர வேண்டும் என்று இருந்தது. மேல் வரம்பு எதுவும் குறிப்பிடப்படவில்லை. விதியில் இல்லாததை நான் என் வாழ்நாளில் சேர்த்ததில்லை. “தாராளமா,” என்றேன்.

ஆக, வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்கு நான் காரைக் கிளப்பியபோது அவள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் ஒன்றரை நாள் ஆகியிருந்தது. என் மனைவி பின் இருக்கையில், மடியில் அடுக்குப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தாள். விரதத்தை முடிக்கும் துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் விடிவதற்கு முன்பே எழுந்து செய்திருந்தாள். பரிசோதனை முடிந்த மறுநிமிடம் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. ராமநகரம் தாண்டும்போது என் பக்கத்தில் மாட்டுப்பெண் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து வானொலியின் சத்தத்தைக் குறைத்தேன்.

ரத்தம் எடுக்கும்போது அவள் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். நினைவு தப்பவில்லை. நர்ஸ் தலையைக் குனியவைத்துப் பிடித்துக்கொண்டிருந்தபோதும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் முகத்தில் ரத்தமே இல்லை. அரை மணி நேரம் கழித்து டாக்டர் எங்களை உள்ளே அழைத்தார். ரத்த அழுத்தம் கீழே, சர்க்கரை கீழே, சிறுநீரில் கீட்டோன். சாப்பாடு கிடைக்காத உடம்பு தன் கொழுப்பையே எரிக்கும்போது வருவது அது. மேஜைமேல் அவளுடைய படிவம் இருந்தது. அதில் ‘தற்காலிகமாகத் தகுதியில்லை’ என்ற கட்டத்துக்கு மேலே அவருடைய பேனா நின்றது. அந்தக் கட்டத்தில் ஒரு குறி விழுந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மயக்கம் ஏன் வந்தது என்று நரம்பு மருத்துவர், இதய மருத்துவர், மறுபரிசீலனை, தில்லி. திங்கட்கிழமை போய்விடும். அவளுக்கும் தெரியும்.

டாக்டருக்குச் சொந்த ஊர் கொள்ளேகாலம் தாண்டி ராமாபுரம். எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறிக்கொண்டார். “ஏன் அம்மிணி, கடைசியா எப்பச் சாப்புட்டீங்க?”

“செவ்வாக்கெழமை ராத்திரி, டாக்டர்.”

“இன்னைக்கு வெசாழனுங்க.”

“நேத்து ஏகாதசி.”

நான் குறுக்கிட்டேன். அச்செடுத்து வைத்திருந்த விதிகளைப் பிரித்து, உணவின்மைக்கு மேல் வரம்பு எங்கும் கூறப்படவில்லை என்பதை அவர் கவனத்துக்குக் கொண்டுவந்தேன்.

“நீங்க யாருங்க?”

சொன்னேன். எந்த அலுவலகம், என்ன பதவி, எத்தனை வருடம் என்று எல்லாம் சொன்னேன்.

“நல்லதாப் போச்சுங்க. எம்பட டிரைவிங் லைசன்சு அடுத்த மாசம் முடியுது. அப்ப உங்களைக் கூப்புடறேன். இப்பக் கொஞ்சம் சும்மா இருங்க.” அவளிடம் திரும்பினார். “மாசத்துக்கு ரெண்டு நாளு. வருசத்துக்கு இருவத்திநாலு. அந்த இருவத்திநாலு நாளும் பிளேனை யாரு ஓட்டுவா?”

“பயிற்சியில கேப்டன் லீவு குடுத்தார்.”

“கம்பெனியில ரோஸ்டரைக் கம்ப்யூட்டர் போடும். அதுக்குத் திதி தெரியாதுங்க. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். பறக்கற நாள்ல சாப்புட்டுட்டுத்தான் ஏறுவேன்னு சொல்லுங்க. அதைச் சொன்னா, மேலே பேசலாம்.”

இதைவிடச் சுலபமான கேள்வியை எந்த அதிகாரியும் கேட்டதில்லை. ஆமாம் என்றால் முடிந்தது. என் அலுவலகத்தில் எத்தனையோ பேர் இனிமேல் குடித்துவிட்டு ஓட்டமாட்டேன் என்று என் முகத்தைப் பார்த்து, அரை மணி நேரம் முன்பு குடித்த வாயால், சத்தியம் செய்திருக்கிறார்கள். இவள் வாயைத் திறக்கவில்லை. மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் பக்கம் திரும்பவும் இல்லை. திரும்பினால் விடுவிக்கச் சொல்லிக் கெஞ்சுவதாக ஆகிவிடும் என்று நினைத்திருக்க வேண்டும்.

“அவ சொல்லமாட்டா டாக்டர்,” என்றாள் கதவருகே நின்றிருந்த என் மனைவி. “எனக்கு வாக்குக் குடுத்திருக்கா. நான் விட்டாத்தான் உண்டு.”

“அப்ப விடுங்கம்மா.”

“விடறேன். ஆனா அந்த ஏகாதசி சும்மாப் போகக்கூடாது. அவ பறக்கற நாளெல்லாம் அவளுக்கும் சேர்த்து நான் இருக்கேன்.”

நடைமுறைக் கோளாறு ஒன்றைக் கண்டால் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. “நீதான் எப்படியும் இருக்கியே. ஒரே நாள்ல ரெண்டு உபவாசம் எப்படி இருப்பே?” என்றேன்.

என் மனைவி அடுக்குப் பாத்திரத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். என்னிடம் அல்ல, டாக்டரிடம் சொன்னாள். “நான் ஏகாதசியன்னிக்குக் காபி குடிப்பேன். காலம்பற ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. தளிகையுள்ளைச் சாத்திண்டு குடிப்பேன். இவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவ தீர்த்தம்கூட இல்லாம இருக்கா. இனிமே அவ பறக்கற ஏகாதசிக்கு அந்தக் காபி கிடையாது. அது அவ பங்கு.”

என் மனைவி யாரிடமும் எதையும் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. அதுவும் முன்பின் தெரியாத ஒரு டாக்டரிடம், மாட்டுப்பெண்ணை வைத்துக்கொண்டு.

“தெரியும்மா,” என்றாள் மாட்டுப்பெண், இன்னும் மேஜையைப் பார்த்தபடி. “வாசனை வருமே.”

“எப்பலேர்ந்து தெரியும்?”

“வந்த மொத மாசத்துலேர்ந்து.”

“ஏண்டி சொல்லலை?”

“நீங்க கதவைச் சாத்திண்டேளே.”

டாக்டர் பேனாவை மூடினார். “அம்மிணி, இப்பச் சொல்லுங்க.”

“பறக்கற நாள்ல சாப்பிட்டுட்டுத்தான் ஏறுவேன், டாக்டர்.”

அவர் கட்டத்தில் குறி போடவில்லை. பரிசோதனை முடிவடையவில்லை, மாதிரிகள் மறுபடி எடுக்கப்பட வேண்டும் என்று ஓரத்தில் எழுதி, சனிக்கிழமை வரச் சொன்னார். முடிவடையாத பரிசோதனைக்கு முடிவு எழுதக்கூடாது என்பதும் விதிதான். நான் அச்செடுத்த தாள்களிலேயே மூன்றாம் பக்கத்தில் இருந்தது. நான்காம் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு போயிருந்தேன். பாரணையை அங்கேயே, காத்திருப்போர் அறையில், செருப்பைக் கழற்றிவிட்டு நடத்தினோம். டாக்டருக்கும் ஒரு கரண்டி நெல்லிக்காய்ப் பச்சடி போயிற்று. சனிக்கிழமை எல்லா எண்களும் ஒழுங்காக வந்தன. திங்கட்கிழமை அவள் சேர்ந்தாள்.

இப்போது அவள் துணை விமானி. பெங்களூரில் வீடு. மகனும் அங்கே மாற்றல் வாங்கிக்கொண்டான். மாதக் கடைசியில் அவளுடைய பணி அட்டவணை என் கைபேசிக்கு வந்துவிடும். நான் நாட்காட்டியை எடுத்துவைத்து ஒப்பிட்டு, பறக்கிற ஏகாதசிகளைச் சிவப்பு மசியில் வட்டமிடுவேன். அந்த நாட்களில் பதினொரு மணிக்கெல்லாம் என் மனைவிக்குத் தலைவலி வந்துவிடும். ஒரே மாதத்தில் இரண்டு வட்டம் விழுந்தால் தெருவே எங்கள் வீட்டில் மணியடிக்கத் தயங்கும். மாட்டுப்பெண்ணோ, அந்த நாட்களில் ஏறுவதற்கு முன் இரண்டு இட்லியைப் படம் எடுத்து மாமியாருக்கு அனுப்பிவிடுவாள். படம் இல்லாமல் சொன்னால் என் மனைவி நம்பமாட்டாள் என்பதற்காக அல்ல. சாப்பிடப்போவதைச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்று மாட்டுப்பெண்ணுக்கு ஓர் எண்ணம்.

போன மாதம் புதிதாக ஒன்று வந்தது. ஏகாதசியன்று அவளுக்கு ஸ்டேண்ட்பை. காலை ஐந்து மணியிலிருந்து மத்தியானம் ஒன்று வரை வீட்டில் தயாராக இருக்க வேண்டும். யாராவது வராமல் போனால் அழைப்பார்கள், ஓட வேண்டும். அழைக்காமலும் போகலாம்.

“இது பறக்கறதா, இல்லையா?” என்று கேட்டாள் என் மனைவி.

“கூப்பிடற வரைக்கும் இருந்து பாக்கட்டுமா மாமா?” என்றாள் மாட்டுப்பெண், கைபேசியின் ஒலிபெருக்கியில். “கூப்பிட்டா உடனே சாப்பிட்டுடறேன்.”

நிறுவனத்தின் விதிகளில் ஏகாதசி இல்லை. பஞ்சாங்கத்தில் ஸ்டேண்ட்பை இல்லை. இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் என்னிடம் தீர்ப்புக் கேட்டது என் குடும்ப வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. ஒரு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டேன். அழைத்த நிமிடத்தில் தகுதியோடு இருக்க வேண்டியவள், அழைப்பதற்கு முன்பும் தகுதியோடு இருக்க வேண்டும். அவசரமாக விழுங்கிய இட்லி விமானம் ஓட்டாது. ஆகவே ஸ்டேண்ட்பையும் பறப்பே. மாட்டுப்பெண் சாப்பிட வேண்டும், மனைவிக்குக் காபி இல்லை. இருவரும் எதிர்ப்புச் சொல்லவில்லை.

அன்று அவளை யாரும் அழைக்கவில்லை. பெங்களூரில் அவள் முழுச் சீருடையில் சோபாவில் உட்கார்ந்து இட்லி தின்றுவிட்டு, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஒரு மணி அடித்ததும் நான் சமையலறைக்குப் போய், பணி நேரம் முடிந்துவிட்டது, ஒரு நிமிடம்கூட அவள் பறக்கவில்லை, இனி நீ காபி குடிப்பதில் தடையேதும் இல்லை என்று என் மனைவிக்கு விளக்கினேன். நெற்றியில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள். எழுந்து, டிகாக்‌ஷன் வடிகட்டியை அலமாரியின் மேல் தட்டில், எனக்கும் எட்டாத உயரத்தில் வைத்தாள்.

“அவ சாப்டாச்சோன்னோ,” என்றாள். “நீங்கதானே சொன்னேள், பறப்புன்னு. இப்ப வந்து மாத்தாதீங்கோ.”

முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் என் உத்தரவை இத்தனை கண்டிப்பாக நிறைவேற்றிய ஆள் ஒருவரும் இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு மூலை ஓட்டலுக்குக் கிளம்பினேன். வாசல் வரை போய், திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் காலை சூரியன் வரும்வரை நாங்கள் இருவரும் காபி குடிக்கவில்லை.